மீன் மிதக்காத நஞ்சு: திருகோணமலைத் துறைமுகச் சேற்றை எப்படி மதிப்பிடுவது?

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி எரிந்தபோது, இரசாயனம் கடலில் கலந்தால் என்ன ஆகும் என்பதை இலங்கை முழுவதும் கண்ணால் கண்டது. கப்பலில் இருந்த 25 தொன் நைத்திரிக் அமிலம், கரை நெடுகக் குவிந்த பிளாஸ்டிக் மணிகள், ஒதுங்கிக் கிடந்த ஆமைகள் என்று அந்தக் காட்சிகள் இன்னும் மறக்கவில்லை. அதனாலோ என்னவோ, கடல் மாசு என்றால் செத்த மீனும் செத்த ஆமையும் தெரிய வேண்டும் என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அதே பதில்தான் வருகிறது: "மீன் செத்து மிதக்கவில்லையே, பிறகென்ன?"

கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடந்த அரை நூற்றாண்டில் உலகத் துறைமுகங்களைக் கடுமையாகப் பாதித்த இரசாயனங்களில் ஒன்று, பெரும்பாலான இடங்களில் ஒரு மீனைக்கூட மிதக்க விடாமல் தன் வேலையை முடித்தது. அதன் பெயர் டிரைபியூட்டைல் டின், சுருக்கமாக டிபிடி. வெள்ளீய அணு ஒன்றோடு மூன்று பியூட்டைல் கூட்டங்கள் இணைந்த சேர்மம். ஓர் இரசாயனத்தின் சுற்றாடல் ஆபத்தை எப்படி அளப்பது, அந்த அளவுகோல் எங்கே தவறிப்போகிறது என்பதை விளங்கிக்கொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. துறைமுகத்தை நம்பி வாழும் ஊருக்கு இது ஏட்டுப் பாடமாக மட்டும் இருக்க முடியாது.

தண்ணீரில் கிடக்கும் எந்தக் கலத்தின் அடிப்பாகத்திலும் பாசி பிடிக்கும். பின் கொட்டலசும் சிப்பியும் ஒட்டும். ஒட்ட ஒட்டக் கலம் கனக்கும், வேகம் குறையும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். அதைத் தடுக்க நஞ்சு கலந்த பூச்சைப் பூசுவது பழைய வழக்கம். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் செம்போடு பாதரசமும் ஆர்சனிக்கும் அந்தப் பூச்சுகளில் சேர்ந்தன. பிரித்தானியக் கடற்படை 1957 வரை திருகோணமலையைத் தளமாக வைத்திருந்த காலம் ஏறக்குறைய அந்தக் காலந்தான். கப்பலின் அடியைச் செப்பனிடும் பணி இங்கே எவ்வளவு பெரிதாக நடந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு: 1944 ஆகஸ்ட் 8ஆம் திகதி, வேலியன்ட் என்ற போர்க்கப்பலைத் தூக்கி வைத்திருந்த நிலையிலேயே இங்கிருந்த மிதக்கும் செப்பனிடு துறை உடைந்து மூழ்கியது. பாதரசமும் செம்பும் காலத்தால் சிதைவதில்லை. உள்துறைமுகச் சேற்றை யாராவது ஆழமாகத் துளைத்து மாதிரி எடுத்தால், அந்த அடுக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

1960களில் டிபிடி கலந்த பூச்சுகள் சந்தைக்கு வந்தன. 1970களில் அதைப் பூச்சின் பசையோடு இரசாயன ரீதியாகவே பிணைத்தார்கள். கப்பல் ஓட ஓட மேற்பரப்பு மெல்லத் தேயும். தேயும்போது புதிய நஞ்சு வெளிப்படும். செம்புப் பூச்சை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. இதுவோ ஐந்து ஆண்டுகள் வரை தாக்குப் பிடித்தது. கப்பல் உரிமையாளர்கள் கொண்டாடியதில் வியப்பில்லை. உலக வணிகக் கப்பல்களில் பெரும்பான்மை இந்தப் பூச்சோடு ஓடிய காலம் ஒன்று இருந்தது.

இனி, அளக்கும் முறைக்கு வருவோம். ஒரு புதிய இரசாயனத்தின் நீர்சார் ஆபத்தை மதிப்பிட உலகெங்கும் முதலில் கையாளும் பரிசோதனைகள் மூன்று. பாசியை 72 மணி நேரமும், டாப்னியா என்ற சிறு நீர்ப்பூச்சியை 48 மணி நேரமும், மீனை 96 மணி நேரமும் அந்த இரசாயனம் கலந்த நீரில் வைத்துப் பார்ப்பார்கள். மீனில் பாதி சாகும் செறிவு எது, பூச்சியில் பாதி அசைவிழக்கும் செறிவு எது, பாசியின் வளர்ச்சி பாதியாகக் குறையும் செறிவு எது என்று குறிப்பார்கள். கிடைத்தவற்றில் மிகக் குறைந்த எண்ணை 1,000ஆல் வகுத்து, கடலுக்கு என்றால் தரவு போதாதபோது 10,000ஆலும் வகுத்து, "இதற்குக் கீழே பாதிப்பு இராது" என்று ஒரு வரம்பு வைப்பார்கள். பிறகு, உண்மையில் நீரில் எவ்வளவு சேரும் என்று கணக்கிட்டு இந்த வரம்போடு ஒப்பிடுவார்கள். சேரும் அளவு வரம்பை மிஞ்சினால் கவலைப்பட வேண்டும், மிஞ்சாவிட்டால் அனுமதி. பொருளின் இயல்பான நஞ்சு ஒன்று, அந்த நஞ்சு உயிரினத்தை எட்டும் வாய்ப்பு இன்னொன்று; இரண்டையும் பிரித்துப் பார்க்கும் இந்த முறை அறிவுக்குப் பொருத்தமானது. நான் அதைக் குறை சொல்லவில்லை. அது எந்த உயிரை, எந்தக் கேள்வி கேட்டு, எத்தனை நாள் பார்த்தது என்பதே என் கவலை.

டிபிடி பல மீன் இனங்களை நான்கு நாட்களில் கொல்வதற்கு ஒரு லீற்றர் நீரில் சில மைக்ரோகிராம் தேவை. அதுவே மிகச் சிறிய அளவு. கடும் நஞ்சு என்ற பட்டியலில் சேரப் போதுமானது. ஆனால் திறந்த துறைமுகத்தில் நீர் அந்த அளவை எட்டுவது அரிது. எனவே மீன் மிதக்கவில்லை.

முதலில் அடி வாங்கியது சிப்பி. பிரான்சின் மேற்குக் கரையில் ஆர்காஷோன் குடா, சிப்பி வளர்ப்புக்குப் பேர்போன இடம். சிறு உல்லாசப் படகுகளும் அங்கே ஏராளம். 1970களின் பிற்பகுதியில் சிப்பிக் குஞ்சுகள் பிழைக்காமல் போயின. வளர்ந்தவற்றின் ஓடு அறையறையாகத் தடித்து, உள்ளே சதையில்லாமல், விற்க முடியாத உருண்டையானது. வழக்கமாக ஆண்டுக்குப் பத்தாயிரம் தொன்னுக்கு மேல் கிடைத்த விளைச்சல் 1981இல் ஏறத்தாழ 3,000 தொன்னுக்கு இறங்கியது. 1982இல் பிரான்ஸ் 25 மீற்றருக்குக் குறைந்த படகுகளில் இந்தப் பூச்சைத் தடைசெய்தது. அடுத்த சில ஆண்டுகளில் குஞ்சு பிடித்தது, ஓடும் தேறியது. தொழிலே அழியும் நிலைக்கு வந்தபோதுதான் சட்டம் அசைந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அதைவிட நுட்பமான செய்தி இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்துப் பாறைகளிலிருந்து வந்தது. அங்கே வாழும் ஒரு சிறு ஊனுண்ணிச் சங்கினத்தில், பெண் சங்குகளுக்கு ஆணுறுப்பு முளைத்திருப்பதை 1970லேயே ஓர் ஆய்வாளர் பதிவு செய்தார். ஏனென்று அப்போது விளங்கவில்லை. 1980களில்தான் டிபிடி காரணம் என்பது உறுதியானது. பெண்ணின் உடலில் ஆணுக்குரிய விந்துநாளம் வளர்ந்து, முட்டை வெளியேறும் துளையை அடைத்துவிடுகிறது. உள்ளே முட்டைக்கூடுகள் தேங்கி, கடைசியில் சங்கு சாகிறது. இதற்கெல்லாம் தேவைப்பட்ட அளவு, டிபிடியில் உள்ள வெள்ளீயத்தின் எடையாகச் சொன்னால், ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 1 நனோகிராம்; ஒரு மைக்ரோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மீனைக் கொல்லும் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சில இனங்களோடு ஒப்பிட்டால் அதற்கும் கீழே. 25 இலட்சம் லீற்றர் கொள்ளும் ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் இரண்டரை மில்லிகிராம் கலந்தால் வரும் செறிவு அது.

ஒழுங்குவிதிகள் இந்த உண்மையைத் துரத்திப் பிடிக்க நெடுங்காலம் எடுத்தது. பிரித்தானியா முதலில் லீற்றருக்கு 20 நனோகிராம் என்று இலக்கு வைத்தது. அது சிப்பியைப் பார்த்து வைத்த இலக்கு. சங்கின் கதை வெளிவந்ததும் 2 ஆக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் ஆண்டுச் சராசரிக்கு 0.2 என்று வரையறுத்தது. பொருளின் நஞ்சில் எந்த மாற்றமும் இல்லை. எந்த உயிரிடம் கேட்டோம் என்பது மாறியது, வரம்பு நூறு மடங்கு இறங்கியது. 48 மணி நேரம், 96 மணி நேரம் என்ற பரிசோதனைகளில் உயிர் சாகிறதா என்று கேட்டார்கள். அது பெற்றுப் பெருகுகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

நிலைத்திருக்கும் தன்மையிலும் இதே சறுக்கல் உண்டு. நீண்ட காலம் நிலைக்கும் நஞ்சு எது என்று தீர்மானிக்க ஐரோப்பிய விதி ஒரு கணக்கு வைத்திருக்கிறது: கடல் நீரில் பாதியாகக் குறைய 60 நாட்களுக்கு மேல் எடுத்தால், அல்லது கடலடிச் சேற்றில் 180 நாட்களுக்கு மேல் எடுத்தால், அது நிலைக்கும் பொருள். வெயில் படும் வெதுவெதுப்பான கடல் நீரில் டிபிடி சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் சிதைந்துவிடும். நீரை மட்டும் அளந்தவருக்கு அது நல்ல பிள்ளை. ஆனால் அது துகள்களோடு ஒட்டிக்கொண்டு அடியில் படியும் இயல்புடையது. ஒட்சிசன் இல்லாத கருஞ்சேற்றுக்குள் போய்விட்டால் சிதைவு பல ஆண்டுகளுக்கு இழுக்கும். உடலில் சேரும் தன்மையிலும் அப்படியே. எண்ணெயில் கரையும் அளவு நீரில் கரைவதைப் போல ஒரு இலட்சம் மடங்கு இருந்தால் அது உடலில் சேரக்கூடும் என்பது, நீண்ட காலம் நிலைக்கும் கரிம நஞ்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டொக்ஹோம் சமவாயத்தின் முதற்கட்ட அடையாளம். டிபிடிக்கு அந்த விகிதம் சில ஆயிரம் மடங்குதான். ஏட்டுக் கணக்கில் தேறிவிடும். ஆனால் சங்கும் மட்டியும் அதைச் சிதைத்து வெளியேற்றுவதில் மிகவும் மந்தமானவை. எனவே கணக்குச் சொல்வதைவிடப் பல மடங்கு அவற்றின் சதையில் சேர்கிறது.

இதைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். டிபிடி பூச்சிலிருந்து ஒரு சதுர சென்ரிமீற்றரில் நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் கசியக் கூடாது என்று 1988இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. அந்த "நல்ல" அளவையே எடுத்துக்கொள்வோம். நீருக்குள் 1,000 சதுர மீற்றர் பரப்புள்ள நடுத்தரக் கப்பல் ஒன்று நங்கூரமிட்டு நிற்கிறது. ஒரு நாளில் கசிவது 40 கிராம், உள்ளங்கையில் அடங்கும். அதைக் கரைத்து லீற்றருக்கு 1 நனோகிராம் என்ற செறிவுக்குக் கொண்டுவர 4,000 கோடி லீற்றர் நீர் வேண்டும். அதாவது 4 சதுர கிலோமீற்றர் பரப்பும் 10 மீற்றர் ஆழமும் கொண்ட ஒரு குடா முழுவதும் தேவை. இது ஒரு கப்பல், ஒரு நாள்.

பெரிய வற்றுப்பெருக்குள்ள துறைமுகம் என்றால் கடல் வந்து கழுவிச் செல்லும். இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மீற்றரைத் தொடுவதில்லை. கொட்டியாரக் குடா அகன்று திறந்து கிடக்கிறது, அதன் வாயிலில் ஆழ்கடல் பள்ளத்தாக்கும் உண்டு. அங்கே கரைந்து போக வழி இருக்கிறது. உள்துறைமுகம் அப்படியல்ல. மலைகளும் மேடுகளும் சூழ்ந்த அடைப்பு. புயலிலிருந்து கப்பலைக் காக்கும் அதே அடைப்புத்தான் கசிந்ததையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதற்கும் உள்ளே, குறுகிய வாயால் இணைந்த தம்பலகாமக் குடா. 19ஆம் நூற்றாண்டில் அந்தக் குடாவில் கண்ணாடிச் சிப்பியிலிருந்து முத்தெடுக்கும் தொழில் நடந்தது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். சிப்பி இனங்கள் செழித்து வாழ்ந்த நீர் அது. இன்றும் கண்டலும் கடற்புல்லும் இறாலும் நண்டும் உள்ள நீர். கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் எத்தனையோ அடுப்புகள் அதை நம்பி எரிகின்றன.

கப்பலைவிடக் கரையில் நடப்பதை நான் கூடுதலாகக் கவனிக்கச் சொல்வேன். படகைக் கரைக்கு இழுத்துச் சரித்து, இரும்புத் தகட்டால் அடிப்பாகத்தைச் சுரண்டும் வேலையை எந்த மீன்பிடித் துறையிலும் பார்க்கலாம். சுரண்டும்போது கொட்டலசோடு சேர்ந்து பழைய பூச்சும் செதில் செதிலாகப் பெயரும். செம்பு ஒட்சைட்டின் செங்கல் நிறத் தூள் மணலில் படியும், சுரண்டுபவரின் கைமயிரிலும் மூக்கிலும் படியும். பிறகு அவர் அதே மணலில் கால் கழுவுவார். மாரி மழை பிடித்தால் அத்தனையும் ஓடிக் கடலில் சேரும். கரைந்துபோன நஞ்சு சிதையும். செதிலாக விழுந்தது சேற்றுக்குள் கிடந்து ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகக் கசியும். அதனால்தான் உலகெங்கும் கப்பல் செப்பனிடும் இடங்களின் சேறே கடைசி வரை தேறாமல் இருக்கிறது. அந்த மனிதர் என்ன செய்வார்? படகை ஓட்டினால்தான் பிழைப்பு. செதிலைப் பிடிக்க ஒரு படங்கும், கூட்டி அள்ள ஓர் இடமும், முகக்கவசமும் கொடுக்க வேண்டியது துறையை நிர்வகிப்பவர்களின் கடமை.

சர்வதேசச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் கீழ் 2001இல் நிறைவேறிய சமவாயம் 2008 செப்டம்பர் 17ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது; கப்பல்களில் இந்த வெள்ளீயச் சேர்மங்களுக்குத் தடை. ஆனால் 400 தொன் கொள்ளளவும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்குத்தான் பரிசோதனையும் சான்றிதழும். 24 மீற்றருக்கு மேற்பட்ட சிறு கப்பல்களுக்கு உரிமையாளரின் உறுதிமொழி போதும். அதற்கும் சிறிய படகுகளுக்கு ஒரு தாளும் தேவையில்லை. நம் கரையில் நிற்பவற்றில் பெரும்பாலானவை இந்தக் கடைசி வகை. இலங்கை உறுப்புரிமை பெற்றுள்ள ரொட்டர்டாம் சமவாயத்திலும் டிபிடி சேர்மங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன; இறக்குமதிக்கு முன் நாட்டின் சம்மதம் கேட்கப்பட வேண்டும். ஆகவே இனிமேல் வருவதைத் தடுக்கச் சட்ட வழி உண்டு. ஏற்கெனவே அடியில் படிந்ததைப் பற்றி இந்தச் சட்டங்கள் பேசுவதில்லை.

மாற்றாக வந்தவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. டிபிடி போனதும் செம்பு திரும்பி வந்தது, கூடவே பாசியைக் கொல்லத் துணை நஞ்சுகளும் வந்தன. அவற்றில் சைபியூட்ரின் என்பது ஒளித்தொகுப்பையே நிறுத்தும் பொருள். பாசிக்கு விரித்த வலையில் கடற்புல்லும், பவளத்துக்குள் குடியிருந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசியும் சேர்ந்து விழும். புறாத் தீவின் பவளத்தையும் கொட்டியாரத்தின் கடற்புல்லையும் வைத்திருக்கும் மாவட்டத்துக்கு இது எவ்வளவு பெரிய விடயம்! அதையும் கப்பல்களில் தடைசெய்யும் திருத்தம் 2023 ஜனவரி 1ஆம் திகதிதான் நடைமுறைக்கு வந்தது. முதல் தவறைத் திருத்த எடுத்துக்கொண்ட பல பத்தாண்டுகளில் பெரும்பகுதி இரண்டாவது தவறுக்கும் செலவானது.

அப்படியானால் திருகோணமலையில் என்ன செய்யலாம்? நீரில் நனோகிராமை அளக்க விலையுயர்ந்த கருவியும் தேர்ந்த ஆய்வுகூடமும் வேண்டும். அளந்தாலும் அது அன்றைய நாளின் நீரைப் பற்றி மட்டுமே சொல்லும். சங்கு அப்படியல்ல, அது தன் வாழ்நாள் முழுவதையும் உடலில் எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் பாறையில் ஒட்டி வாழும் ஊனுண்ணிச் சங்கு முப்பது நாற்பது எடுக்க வேண்டும். மக்னீசியம் குளோரைட் கரைசலில் இட்டு மயக்க வேண்டும். இல்லாவிட்டால் சதை சுருங்கி உறுப்பு தெரியாது. ஓட்டின் நீளத்தை அளந்து, இடுக்கியில் வைத்து மெல்ல நெரித்து உடைத்து, சதையைச் சிதையாமல் எடுக்க வேண்டும். முட்டைக்கூடு சுரக்கும் சுரப்பி இருந்தால் அது பெண். பிறகு சாதாரண நுணுக்குக்காட்டியில் வலது உணர்கொம்புக்குப் பின்னால் பார்க்க வேண்டும். அந்த இடம் வழவழப்பாக இருந்தால் நலம். சிறு புடைப்பு இருந்தால் தொடக்கம். அங்கிருந்து ஒரு மெல்லிய வரி முட்டைத்துளை நோக்கி ஓடியிருந்தால் நடுக்கட்டம். துளை அடைபட்டிருந்தால் அந்தப் பெண் மலடு. பூச்சியத்திலிருந்து ஆறு வரை தரம் குறித்து, இடத்துக்கு இடம் சராசரி எடுத்தால் மாசின் வரைபடமே கிடைத்துவிடும். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, ஜப்பான், இந்தியாவின் கோவா என்று பல துறைமுகங்களில் இப்படித்தான் கண்டறிந்தார்கள். கோணேசபுரியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்து மாணவர்களால் செய்யக்கூடிய வேலை இது.

பாறைச் சங்கோடு நின்றுவிடவும் கூடாது. கோயிலில் ஊதும் வெண்சங்கு, மணலில் புழுக்களைத் தின்று வாழ்வது. அதாவது அது உண்பதே அடிச்சேற்றிலிருந்து. மிதக்கும் குஞ்சுகளை அது கடலில் விடுவதில்லை. கொம்பு போல முறுக்கிய முட்டைக்கூட்டை மணலில் நட்டு, அதிலிருந்து சிறு சங்குகள் நேரே தவழ்ந்து வெளியேறும். பிளிமத்துச் சங்கும் அப்படியே தவழும் குஞ்சுகளை இடுவதால், ஓரிடத்தில் அழிந்தபின் வேறிடத்துக் குஞ்சுகள் நீரோட்டத்தில் வந்து அந்த இடத்தை நிரப்ப முடியாமல் போனது. மீள்வதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. சங்கு குளித்துப் பிழைக்கும் குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் இருக்கும்போது, பிடிபடும் சங்கு குறைந்தால் அளவுக்கு மிஞ்சிப் பிடித்தார்கள் என்று தொழிலாளரை மட்டும் கைகாட்டிவிடுவது எளிது. வேறு காரணமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுவதே நேர்மை.

இதையெல்லாம் இப்போதே செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் தூர்வாருதல். துறைமுக விரிவாக்கம், புதிய இறங்குதுறை, எண்ணெய்த் தாங்கிகளுக்கான வசதி என்று திருகோணமலையைச் சுற்றித் திட்டங்கள் ஓயாமல் பேசப்படுகின்றன. எது வந்தாலும் அடிச்சேறு கிளறப்படும். மகாவலி கொண்டுவரும் வண்டல் பழைய நஞ்சின் மேல் படிந்து மூடியிருந்தால், அதைக் கிளறுவது பல ஆண்டுகளாக அடங்கிக் கிடந்ததை ஒரே பருவத்தில் அவிழ்த்துவிடுவதாகும். எனவே தூர்வாரும் எந்தத் திட்டத்தின் சுற்றாடல் மதிப்பீட்டிலும் நீரின் தரத்தோடு சேற்றின் தரமும் கேட்கப்பட வேண்டும். மேற்பரப்பில் ஒரு கை அள்ளிப் பார்த்தால் போதாது. குழாய் இறக்கி, ஆழத்துக்கு ஆழம் வெட்டி, டிபிடியையும் அது சிதைந்து உருவாகும் பொருட்களையும் செம்பையும் பாதரசத்தையும் ஆர்சனிக்கையும் தனித்தனியே அளக்க வேண்டும். சிதைவுப் பொருட்களைவிட டிபிடி கூடுதலாக இருந்தால் நஞ்சு புதிதாக வந்துகொண்டிருக்கலாம், அல்லது சிதையாமல் கிடக்கலாம். எது என்பதை அது கிடக்கும் ஆழம் சொல்லும்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும், 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுத் தடுப்புச் சட்டமும் இந்தத் தரவைக் கேட்டு வாங்கும் அதிகாரத்தை உரிய அதிகாரசபைகளுக்குத் தந்திருக்கின்றன. மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, கிண்ணியா, மூதூர், சீனன்குடா மீனவர் சங்கங்கள் அதைத் தமிழில் கேட்டு வாங்கி மூன்று இடங்களைத் திறந்து பார்க்கட்டும்: எந்தெந்த உயிரினத்தைச் சோதித்தார்கள், எத்தனை நாள் சோதித்தார்கள், சேறு எந்த ஆழத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஒப்பிடுவதற்குக் கப்பல் போக்குவரத்து இல்லாத ஓரிடத்தின் மாதிரியும் அதில் இருக்க வேண்டும். குச்சவெளிப் பக்கத்துக் கரை அதற்குப் பொருந்தும். இந்த நான்கில் ஒன்று விடுபட்டிருந்தாலும் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்துவிட வேண்டும். தூர்வாரும் கலம் வந்து நின்ற பிறகு கேட்டால் மாதிரி எடுக்கப் பழைய சேறு அங்கே இராது.